ரப்பர் பொம்மையும் தலைவரின் கௌரவமும்

கேள்வி: ரஷ்யாவில் புதினை ரப்பர் பொம்மையாக்கிக் கேலி செய்த டி.வி. நிகழ்ச்சியை ஒழித்துக் கட்டியது சரிதானே? நாட்டுத் தலைவரின் கௌரவம் என்ன ஆவது? (வாசகர், விருதுநகர்)

பதில்: கௌரவம் என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. விலைவாசி ஏறும்போது போகாத கௌரவம், ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாதபோது போகாத கௌரவம், ஒரு பொம்மை வாயைத் திறந்ததும் போய்விடுமா?

நீங்கள் சொல்லும் 'கூக்லி' (பொம்மைகள் என்று அர்த்தம்) 1994-ல் என்.டி.வி. என்ற ரஷ்யத் தனியார் சேனலில் தொடங்கியது. எழுதியவர் விக்டர் ஷெண்டரோவிச். மறு வருஷமே அன்றைய அதிபர் யெல்ட்சினைப் போக்கிடம் இல்லாத பரதேசியாகக் காட்டினார்கள். அப்போது தலைமை வழக்கறிஞர் பொறுப்பில் இருந்த இல்யூஷென்கோ, தலைவர்களை அவமதித்துவிட்டார்கள் என்று கிரிமினல் வழக்குப் போட்டார். வழக்கு பிசுபிசுத்தது. 1996-ல் லஞ்சக் குற்றச்சாட்டில் அந்த இல்யூஷென்கோவே கைதானார். கௌரவத்துக்குக் காவல் நின்றவர் லட்சணம் இது. நிகழ்ச்சியோ யெல்ட்சின் பதவியை விட்டு இறங்கும்வரை ஓடியது.

புதின் வந்தார். 2000 ஜனவரியில், தேவதையின் மந்திரத்தால் எல்லோர் கண்ணுக்கும் அழகனாகத் தெரியும் குரூபக் குள்ளன் கதையில் அவரைப் பொருத்தினார்கள். அவர் சட்டம் படித்த பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள், நடவடிக்கை எடுங்கள் என்று பத்திரிகையில் எழுதினார்கள். படித்தவர்கள் ஐயா! அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம், நாட்டின் 'முதல் மனிதர்', அதாவது புதின், பொம்மையாக வரக் கூடாது என்று மேலிடம் நிபந்தனை போட்டதாக ஷெண்டரோவிச் சொல்லியிருக்கிறார். அவர் என்ன செய்தார் தெரியுமா? அப்படியே கீழ்ப்படிந்தார். பைபிளில் கடவுள் முகம் காட்டாமல் மோசேயிடம் பத்துக் கட்டளைகளைக் கொடுக்கும் கதையை எடுத்துக்கொண்டார். மலை உச்சியில் மேகம், எரிகிற புதர். கட்டளைப் பலகைகளைச் சுமந்துகொண்டு மோசேயாக இறங்கி வருகிறவர் கிரெம்ளின் நிர்வாகத் தலைவர் வொலோஷின். புதின் பொம்மையை எங்கேயும் காணோம். காட்டாதே என்றார்கள், கண்ணுக்குத் தெரியாத கடவுளாக்கிவிட்டார்! அரசியல் கேலியில் இதற்குமேல் ஒரு உயரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2001 ஏப்ரலில் அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் சேனலைக் கைப்பற்றியது. அடுத்த வருஷம் 'கூக்லி'க்கு மூடுவிழா. இதைச் சரி என்கிறீர்கள்.

நாமும் லேசுப்பட்டவர்கள் அல்ல. 1987-ல் ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது நம் சட்டமன்றம். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் விட்டுவிட்டார்கள். கேலியைக் கண்டு நடுங்கும் ஆட்சியை எந்தக் கட்சி நடத்தினாலும் நான் எதிர்ப்பேன்.

அதே சமயம், இங்கே சேனல்களில் ஓடும் மிமிக்ரியை அரசியல் கேலி என்று என்னிடம் கொண்டுவராதீர்கள். இது என் பழைய சண்டை. ஒரு தலைவரின் கரகரத்த குரல், துண்டை இழுத்துவிட்டுக்கொள்ளும் விதம், நடை, இவ்வளவுதான் சரக்கு. அவர் எந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டார், யாருக்கு டெண்டர் போனது என்று ஒரு வரி வராது. நடையைக் கேலி செய்தால் தலைவரே சிரித்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருவார். கையெழுத்தைத் தொட்டுப் பாருங்கள்.

அதைத் தொட எழுதுகிறவர் வேண்டும். ஷெண்டரோவிச் பெயர் ரஷ்யா முழுக்கத் தெரிந்திருந்தது. நம் சேனல்களில் காமெடி எழுதும் பையன்களின் பெயர் கடைசியில் கண் இமைக்கும் நேரத்தில் ஓடி மறைகிறது, பல நேரம் அதுவும் இல்லை. நடிப்பவருக்கு மாலை, எழுதியவருக்கு டீ. சேனல் முதலாளிகளே, அந்தப் பெயர்களை முதலில் போடுங்கள், படிக்கிற வேகத்தில் போடுங்கள், சம்பளத்தையும் மாதம் பிறந்ததும் கொடுங்கள். நிகழ்ச்சி தானாகத் தேறும்.