நிதானமான பழைய நிகழ்ச்சி இந்தக் காலத்துப் பிள்ளைக்கு எடுபடுமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறோம். மகனுக்கு 4 வயது. யூடியூப் கார்ட்டூனைக் குறைக்கலாம் என்று 'மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹுட்' என்ற நிதானமான பழைய அமெரிக்கச் சிறுவர் நிகழ்ச்சியைப் போட்டுவிட்டேன். இரண்டே நிமிடத்தில் எழுந்து ஓடிவிட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சரிவராதா?

பதில்: சரிவரும். ஆனால் போட்டுவிட்டு நீங்கள் அடுக்களைக்குப் போய்விட்டால் வராது.

முதலில் ஒரு விஷயம். வேகம் மட்டுமே குற்றவாளி இல்லை. 2011-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், 9 நிமிடம் 'ஸ்பாஞ்ச்பாப்' என்ற வேகமான கார்ட்டூன் பார்த்த 4 வயதுப் பிள்ளைகள், படம் வரைந்த பிள்ளைகளைவிடக் கவனத்திலும் பொறுமையிலும் உடனடியாகப் பின்தங்கினார்கள். பார்த்த கையோடு வைத்த சோதனை அது. நிரந்தரப் பாதிப்பு என்று அதற்குப் பொருளில்லை. 2015-இல் அதே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேகத்தையும் மாயாஜாலத்தையும் பிரித்துப் பார்த்தபோது, நிஜத்தில் நடக்கவே முடியாதவை அடுத்தடுத்து வருவதுதான் பிள்ளைகளை அதிகம் திணறடித்தது.

அந்த நிகழ்ச்சியை நடத்திய பிரெட் ரோஜர்ஸின் பலம் அங்கேதான்: நிஜத்தில் நடப்பதை நிதானமாகக் காட்டுவார். உங்கள் மகனுக்கு 1981-இல் வந்த கிரேயான் தொழிற்சாலைக் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். உருகிய மெழுகு, அச்சு, பெட்டி: எல்லாம் கண்ணெதிரே, வரிசைப்படி நடக்கும். நடுவில் நிறுத்தி, "அடுத்து என்ன பண்ணுவாங்க?" என்று கேளுங்கள். முடிந்ததும் கையில் கிரேயானைக் கொடுத்துவிடுங்கள். நிகழ்ச்சியில் வரும் கற்பனையான பொம்மை ராஜ்ஜியக் காட்சிகள் எனக்கே சில நேரம் இழுவைதான். தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் போடத் தயங்காதீர்கள். 1996-இல் தொடங்கிய 'ப்ளூஸ் க்ளூஸ்' ஒரே அத்தியாயத்தை வாரத்தில் ஐந்து நாளும் ஒளிபரப்பியது. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் நிகழ்ச்சி அது. நாளாக ஆக, பிள்ளைகள் திரையைப் பார்த்துப் பதில் சொல்வது கூடியது. நமக்குத்தான் அலுப்பு, அவர்களுக்கு இல்லை.

வேகமான வீடியோவை அணைத்த கையோடு இதைப் போட வேண்டாம். குளித்து முடித்தோ, வெளியே விளையாடிவிட்டு வந்தோ பார்க்கட்டும். நிதானமான நிகழ்ச்சி என்பதற்காக நேரத்தை நீட்டவும் வேண்டாம். 2 முதல் 5 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-இல் சொன்ன அளவில் இதுவும் சேர்த்திதான்.

ஒரு வாரம் பார்த்தும் ஒட்டவில்லையா? ரோஜர்ஸின் பொம்மைப் புலியை வைத்து 2012-இல் வந்த 'டேனியல் டைகர்ஸ் நெய்பர்ஹுட்' போடுங்கள். கதைகள் சின்னவை, பாட்டு உண்டு. அதற்கும் நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும்: டிவியில் பார்ப்பதைப் பற்றிப் பெற்றோர் அடிக்கடி பேசும் வீட்டுப் பிள்ளைகளிடம்தான் அதன் பலன் தெரிந்தது என்கிறது 2016-இல் டெக்சாஸில் நடந்த ஆய்வு.