இலவசச் சாப்பாட்டுச் சீட்டின் விலை என்ன? (நுகர்வோர் கேள்வி-பதில்)

கேள்வி: எனது தந்தையார் ஓய்வுபெற்ற தபாலதிபர், வயது 73. சூப்பர் விசாவில் கனடா சென்று ஸ்காபரோவில் தங்கை வீட்டில் மூன்று வருடங்களாக இருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் கசினோவுக்குப் போய் வீடியோ போக்கர் (திரையில் விழும் ஐந்து சீட்டில் வேண்டியதை வைத்து, மற்றதை மாற்றிக்கொள்ளும் இயந்திரம்) விளையாடுவார். தொடக்கத்தில் சாப்பாட்டுச் சீட்டு, விளையாடுவதற்கு இலவசக் காசு, பிறந்தநாளுக்கு ஒரு போர்வை என்று தபாலில் வந்துகொண்டே இருந்தன. ஆறு மாதமாக ஒன்றும் வருவதில்லை. அதே பஸ்ஸில் போய், பொத்தானை அழுத்தினால் உருவங்கள் சுழன்று நிற்கும் ஸ்லொட் இயந்திரத்தில் விளையாடும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மட்டும் தவறாமல் வருகிறது. சென்ற வருடத்திலிருந்து அப்பா ஆறுதலாகச் சீட்டைப் பார்த்து விளையாடப் பழகியதால் நட்டமும் குறைந்திருக்கிறது என்கிறார். “வயது போனவன் என்று ஒதுக்கிப்போட்டார்கள்” என்று மனம் நொந்துபோயிருக்கிறார். இது பாகுபாடு இல்லையா? எங்கே முறையிடலாம்? (கொக்குவில் வாசகர்)

பதில்: உங்கள் தந்தையாரின் மனத்தாங்கல் எனக்கு விளங்குகிறது. ஆனால் அவரை ஒதுக்கியது வயது அல்ல. வயதானவர்களை எந்தக் கசினோவும் ஒதுக்குவதில்லை. வேலைநாட்களின் பகல்வேளையில் வெறிச்சோடிக் கிடக்கும் மண்டபத்தை நிரப்புபவர்கள் அவர்களே என்பதால், பஸ் விடுவதும் சாப்பாட்டில் கழிவு கொடுப்பதும் அவர்களை மனதில் வைத்துத்தான். லாஸ் வேகாஸில் ஸ்டேஷன் கசினோஸ் நிறுவனம் 50 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே புதன்கிழமைகளை ஒதுக்கிச் சலுகை கொடுத்து வந்திருக்கிறது. தந்தையார் விடயத்தில் மாறியது அவரைப் பற்றிய கணக்கு. நீங்களே எழுதியிருக்கும் இரண்டு செய்திகளில் அதற்கான காரணம் இருக்கிறது: அவர் விளையாடுவது வீடியோ போக்கர், அதையும் இப்போது கவனமாக விளையாடுகிறார்.

கசினோ தரும் வாடிக்கையாளர் அட்டை எதைப் பதிவு செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். சேட்டுப் பொத்தானில் கொளுவிய சுருள் நாடாவின் மறுமுனையில் அந்த அட்டை இயந்திரத்தின் வாய்க்குள் செருகப்பட்டிருக்கும். அது அங்கே இருக்கும் நேரம் முழுவதும் எத்தனை மணிக்கு வந்தார், எந்த இயந்திரத்தில் இருந்தார், எவ்வளவு காசு கட்டினார் என்பவை ஒன்றும் விடாமல் பதிவாகின்றன. அவர் கட்டிய மொத்தத் தொகையை, அந்த இயந்திரம் நீண்டகாலத்தில் தனக்கென்று வைத்துக்கொள்ளும் வீதத்தால் பெருக்கினால், அவரிடமிருந்து கசினோ எதிர்பார்க்கும் வருமானம் கிடைக்கும். அன்பளிப்புகள் எல்லாம் அந்த எதிர்பார்ப்பின் ஒரு சிறு பங்கைத் திருப்பிக் கொடுப்பவையே. பல இடங்களில் உண்மையில் ஏற்பட்ட நட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆகவே அந்தப் போர்வையைப் பரிசு என்று சொல்வதைவிட, அவர் ஏற்கெனவே கட்டிய விலையில் கிடைத்த கழிவு என்று சொல்வதே சரி.

இந்தக் கணக்கில் வீடியோ போக்கர்காரர் எப்போதும் பின்வரிசையில்தான். சீசர்ஸ் என்ற அமெரிக்கக் கசினோ நிறுவனத்தின் அட்டைத் திட்டத்தில் ஸ்லொட் விளையாடுபவருக்கு 5 டொலர் கட்டினால் ஒரு புள்ளி; வீடியோ போக்கர் விளையாடுபவர் அதே புள்ளிக்கு 10 டொலர் கட்ட வேண்டும். காரணம் எளிது. ஸ்லொட் இயந்திரம் எவ்வளவு வைத்துக்கொள்கிறது என்பதை அதன் முகத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவின் நெவாடா மாநிலச் சட்டம் 75 வீதத்தையும் நியூ ஜேர்சி மாநிலச் சட்டம் 83 வீதத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டிய குறைந்த அளவாக வைத்திருக்கின்றன என்றால், மிச்சத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். வீடியோ போக்கரில் அந்த மறைவு இல்லை. சீட்டுக்கட்டைக் காட்டும் இயந்திரம் உண்மையான 52 சீட்டுக் கட்டைப் போலவே சீட்டு விழுத்த வேண்டும் என்பது நெவாடாவின் விதி. எனவே திரையில் இருக்கும் கொடுப்பனவுப் பட்டியலைப் படித்தாலே அந்த இயந்திரத்தின் விலை தெரிந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன்பு மைத்துனருடன் அப்படி ஒரு மண்டபத்துக்குப் போய், இயந்திரங்களுக்கு இடையே நடந்து பட்டியல்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரே நிறம், ஒரே பெயர், ஒரே இருக்கை என்று பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு இயந்திரங்களில், ஒன்று, கட்டும் ஒரு நாணயத்துக்கு, ஃபுல் ஹவுஸ் (ஒரே இலக்கத்தில் மூன்று சீட்டும் இன்னோர் இலக்கத்தில் இரண்டும்) விழுந்தால் 9, ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனச் சீட்டு) விழுந்தால் 6 என்று காட்டியது. மற்றது அதே இரண்டு கைகளுக்கு (கை என்பது விழும் ஐந்து சீட்டுச் சேர்க்கை) 6, 5 என்று காட்டியது. மற்ற வரிகளில் ஓர் எழுத்து வித்தியாசமும் இல்லை. அந்த 6, 5 இயந்திரத்தின் முன்னால் ஒரு வயதான அம்மா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக விளையாடிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கை வெறுமையாகவே இருந்தது. அந்தக் காட்சி இன்றுவரை என் மனதை விட்டுப் போகவில்லை.

அந்த இரண்டு இலக்கங்களின் பாரத்தைக் கணக்காகவே காட்டுகிறேன். ஜாக் சோடியோ அதற்கு மேலோ விழுந்தால் காசு தரும் ‘ஜாக்ஸ் ஓர் பெட்டர்’ என்ற வகையில், பிழையே இல்லாமல் விளையாடினால் 9, 6 பட்டியல் நீண்டகாலத்தில் 99.54 வீதத்தையும், 8, 5 பட்டியல் 97.30 வீதத்தையும், 6, 5 பட்டியல் ஏறத்தாழ 95 வீதத்தையும் திருப்பிக் கொடுக்கும். தந்தையார் 25 சத இயந்திரத்தில் கைக்கு ஐந்து நாணயம், அதாவது 1.25 டொலர் கட்டி, மணிக்கு 400 கை விளையாடுகிறார் என்று வைப்போம். மணிக்கு 500 டொலர் சுழல்கிறது. முதலாவது பட்டியலில் சராசரி நட்டம் மணிக்கு 2.30 டொலர், இரண்டாவதில் 13.50, மூன்றாவதில் 25. நான்கு மணித்தியாலம் இருந்துவிட்டு எழுந்தால் மூன்றாவது இயந்திரம் 100 டொலரை எடுத்திருக்கும், அதற்குப் பதிலாகக் கசினோ ஒரு சாப்பாட்டுச் சீட்டைக் கொடுத்திருக்கும்.

இன்னுமொரு விடயமும் உண்டு. மேலே சொன்ன வீதங்களில் ஏறத்தாழ 2 வீதம் ரோயல் ஃப்ளஷ் (ஒரே இனத்தின் 10, ஜாக், குயின், கிங், ஏஸ்) என்ற ஒரேயொரு கையில் அடங்கியிருக்கிறது; அது சராசரியாக 40,000 கைக்கு ஒருமுறைதான் விழும். தந்தையாரின் வேகத்தில் அது 100 மணித்தியால விளையாட்டு. அது விழாத நாட்களில் எந்தப் பட்டியலும் சொன்னதைவிடக் கூடுதலாகவே கடிக்கும். சிக்கனம் என்று நினைத்து ஒரு நாணயம் மட்டும் கட்டுபவர்களுக்கு அந்தக் கைக்கு, ஐந்து நாணயம் கட்டுபவருக்குக் கிடைப்பதுபோல நாணயத்துக்கு 800 அல்ல, 250தான் கிடைக்கும். அதே பட்டியல் 5 சத இயந்திரத்தில் இருந்தால் அங்கே ஐந்து நாணயம் கட்டுவது அதே 25 சதச் செலவில் மேலானது.

நம்மூர் வாசிகசாலைகளில் 304 விளையாடி வளர்ந்தவர்களுக்குச் சீட்டை நினைவில் வைப்பதும் கணக்குப் பார்ப்பதும் கைவந்த கலை. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று எண்ணிப் பழகிய மூளைக்கு, எந்தச் சீட்டை வைப்பது, எதைக் கழிப்பது என்பது சில மாதங்களில் பிடிபட்டுவிடும். தந்தையாருக்கு நடந்ததும் இதுவாக இருக்கலாம். நன்றாக விளையாடத் தொடங்கினார். அவரிடமிருந்து எதிர்பார்க்கும் வருமானம் தபால் செலவுக்கும் கட்டாது என்று கசினோவின் கணினி முடிவு செய்தது. இப்படிப் பெயர் வெட்டப்படுவது வீடியோ போக்கரில் தேர்ந்தவர்களுக்கு வழமையாக நடப்பது. பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தபால் நிற்காமல் வருவதை எண்ணி அவர் பொறாமைப்பட வேண்டாம். அந்த அம்மாவுக்காகத்தான் நான் கவலைப்படுகிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். சலுகையை வருகை நாளொன்றின் சராசரியை வைத்தே பல இடங்களில் தீர்மானிக்கிறார்கள். அன்பளிப்பை வாங்கப் போன நாளில் அட்டையைச் செருகிப் பத்து நிமிடம் விளையாடிவிட்டு வந்தால், அந்த நாளும் ஒரு வருகையாகப் பதிந்து சராசரியைக் கீழே இழுத்துவிடும்.

முறைப்பாட்டைப் பொறுத்தவரை, தபால் நின்றதற்கு எதிராகச் சட்டத்தில் பிடிமானம் இல்லை. சலுகைகளை எப்போதும் மாற்றவும் நிறுத்தவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்ற நிபந்தனையில்தான் அட்டை வழங்கப்படுகிறது. நம் நாட்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. கனடாவில் நடந்ததை அது விசாரிக்காது. இயந்திரம் வென்ற காசைக் கொடுக்கவில்லை என்பது போன்ற தகராறு என்றால் மட்டும் ஒன்ராறியோவின் மதுசார மற்றும் சூதாட்ட ஆணையத்திடம் எழுதலாம். தந்தையார் இப்போது செய்யக்கூடியது ஒன்று: வாடிக்கையாளர் மேசையில் தன் அட்டையைக் கொடுத்து வெற்றி, நட்டக் கூற்றைக் கேட்டு வாங்குவது. மூன்று வருடங்களுக்கும் கேட்கட்டும். அதைத் தங்கையும் பக்கத்தில் இருந்து படிக்கட்டும்.

கேள்வி: எனது தாயார் ரொறன்ரோவில் அண்ணாவுடன் இருக்கிறார். பென்சன் காசு வந்த வாரமே கசினோவில் முடிந்துவிடுகிறது. அங்கே வேலை செய்பவர்கள் அவரைப் பெயர் சொல்லி வரவேற்று, கதிரை இழுத்துப் போட்டு, தேநீர் கொடுத்து உபசரிக்கிறார்களாம். “வீட்டில் யார் என்னோடு கதைக்கிறார்கள்?” என்று கேட்கிறார். குடும்பத்தினர் எழுதிக் கொடுத்து அவரை உள்ளே விடாமல் தடுக்க முடியுமா? (நல்லூர் வாசகி)

பதில்: ஒன்ராறியோவில் முடியாது. அங்கே தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் பதிவு உண்டு. ஆனால் அதில் கையெழுத்திட வேண்டியவர் தாயார்தான். பதிந்துவிட்டால் விளம்பரத் தபால்கள் நிற்கும், வாசலில் முகத்தை அடையாளம் காணும் கமெராக்களும் இருக்கின்றன. சிங்கப்பூரில் குடும்பத்தவரே தேசிய சூதாட்டப் பிரச்சினைகள் மன்றத்திடம் விண்ணப்பித்து ஒருவருக்குத் தடை வாங்கலாம். பிரசைகள் உள்ளே போக நாளொன்றுக்கு 150 சிங்கப்பூர் டொலர் வரியும் கட்ட வேண்டும். இந்த ஏற்பாடு எல்லா நாட்டிலும் வர வேண்டும் என்பதே என் விருப்பம்.

தாயாருக்கு நடுக்கவாதம் என்கிற பார்க்கின்சன் நோய்க்கோ, கால் அமைதியின்மைக்கோ மருந்து கொடுக்கிறார்களா என்று அண்ணாவிடம் இன்றே கேளுங்கள். பிரமிபெக்சோல், ரொபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்கு அடக்க முடியாத சூதாட்ட வேட்கையை உண்டாக்கும் என்பது மருத்துவ உலகம் அறிந்த பக்கவிளைவு. அப்படியானால் மருந்தை வீட்டில் தாமாக நிறுத்தாமல் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பலருக்கு அந்த வேட்கை அடங்கிவிடுகிறது.

மருந்து காரணமில்லை என்றால், அவர் கேட்ட கேள்வியையே எடுங்கள். பனிக்காலத்தில் நாலு சுவருக்குள் இருப்பவருக்குப் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு குரல் பெரிய விடயம். காலையில் பூப்பறிக்கும்போது வேலிக்கு அப்பாலிருந்து கதைக்கவும், கோயில் மண்டபத்தில் பக்கத்தில் இருக்கவும் நல்லூரில் ஆட்கள் இருந்தார்கள். அங்கே அந்த இடத்தைக் கசினோ பிடித்திருக்கிறது. அங்குள்ள தமிழ் முதியோர் சங்கங்களின் பகல் நிகழ்ச்சிகளுக்குக் கசினோ பஸ் புறப்படும் அதே நாளில், அதே நேரத்தில் அண்ணாவோ அண்ணியோ முதல் சில வாரங்கள் கூடவே போய் இருந்துவிட்டு வரட்டும். வேறு நாளில் கூட்டிச்சென்றால் பஸ் நாள் அப்படியே மிஞ்சும். சூதாட்டப் பிரச்சினைக்கு உதவும் கனெக்ஸ் ஒன்ராறியோ உதவி இணைப்பை 1-866-531-2600 என்ற இலக்கத்தில் கட்டணமின்றி, பகலிரவு எந்நேரமும் அழைக்கலாம், குடும்பத்தவரும் அழைக்கலாம்.

கேள்வி: ஓய்வூதியர்கள் பத்துப்பேர் சேர்ந்து கொழும்புக்குச் சுற்றுலா போக இருக்கிறோம். ஒரு முகவர், தலைக்கு ஒரு தொகை கட்டினால் கசினோவில் இராச்சாப்பாட்டுடன் “அதே பெறுமதிக்கு சிப்ஸும்” (கசினோவில் காசுக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும் வில்லைகள்) தருவதாகச் சொல்கிறார். அப்படியானால் செலவே இல்லை அல்லவா? (சுன்னாக வாசகர்)

பதில்: செலவு உண்டு. இப்படியான பொதிகளில் கொடுக்கும் சிப்ஸ் பெரும்பாலும் காசாக மாற்ற முடியாதவை. அவற்றை மேசையில் பந்தயமாக வைக்க மட்டுமே முடியும். வென்றால் கிடைக்கும் சிப்ஸைத்தான் மாற்றலாம். சாப்பிட்டுவிட்டு சிப்ஸைக் காசாக்கி வந்துவிடலாம் என்று எண்ணி முற்பணம் கட்டாதீர்கள். “விளையாடாமலே இந்தச் சிப்ஸைக் காசாளரிடம் கொடுத்தால் எவ்வளவு தருவார்கள்?” என்று முகவரிடம் கேட்டு, பதிலைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், அந்தப் பத்துப்பேரும் வெள்ளவத்தையில் நல்ல சாப்பாட்டுக் கடையொன்றில் சாப்பிடுவது மலிவாக முடியும்.