ஆலமரமா கற்றுக்கொடுத்தது?

கேள்வி: சபாவில் பேசிய ஒருவர், “1936ல் கலாக்ஷேத்திரா தொடங்கும்வரை பரதநாட்டியத்துக்கு முறையான பயிற்சியே கிடையாது, வீட்டில் பார்த்துப் பழகியதுதான்” என்றார். உண்மையா? என் ஏழு வயது மகளைச் சான்றிதழ் தரும் பள்ளியில் சேர்ப்பதா, தெருக்கோடி டீச்சரிடமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அப்படியானால் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவிக்குக் கற்றுக்கொடுத்தது யார், அடையாறு ஆலமரமா? மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும்தான். ஒருவர் கோயிலில் ஆடிய பரம்பரை, மற்றவர் ஆட்டம் கற்றுக்கொடுத்துத் தாளம் போடும் நட்டுவனார் பரம்பரை. 1935 டிசம்பரில் அடையாறில் மேடையேறியபோது ருக்மிணி தேவிக்கு வயது 31. பேச்சாளர் சொன்ன அந்த ‘வீட்டில்’ வளர்ந்த நடனக் கலைஞர் பாலசரஸ்வதியோ சின்னஞ்சிறு வயதிலேயே கந்தப்பா பிள்ளையிடம் ஆரம்பித்து, 1925ல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியபோது அவருக்கு ஏழு வயது. உங்கள் மகளின் வயது!

நட்டுவனார் வீட்டுத் திண்ணையில் என்ன நடக்கும் தெரியுமா? எதிரே தட்டுமனை என்கிற மரக்கட்டை, கையில் அதைத் தட்டும் தட்டுக்கழி. ‘தெய்யா தெய்’ என்று அவர் தட்ட, பிள்ளை முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்து, காலைத் தட்டும் முதல் பாடமான தட்டடவு போட வேண்டும். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகம் கூடும். தாளம் பிசகினால் கழி பறந்து வரும். தட்டடவு படிந்தால்தான் அடுத்த பாடமான நாட்டடவு. சலங்கை அப்புறம்தான். இதற்குச் சிலபஸ் என்று யாரும் பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கச்சேரி வரிசையும் அப்படியே. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்றும் சபாவில் பார்க்கிறோமே, அதை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. ‘இரண்டாயிரம் வருஷமாக மாறாத கலை’ என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்களும் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

சரி, ருக்மிணி தேவி ஒன்றும் செய்யவில்லையா? நிறையச் செய்தார். அதுவரை சதிர் (பரதநாட்டியத்தின் பழைய பெயர்) என்றாலே முகம் சுளித்த குடும்பங்கள் பெண்களை அனுப்பின. ஆடுபவருக்குப் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்த பக்கவாத்தியக்காரர்களை மேடையின் ஓரத்தில் உட்கார வைத்தார். ஒளி, உடை, நாட்டிய நாடகம் எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. 1940களில் நட்டுவனார் விலகிப் போனபோது, தாளத்தை மாணவிகளையே எடுக்க வைத்தார். எனக்கு அவரிடம் பெரிய மரியாதை உண்டு. ஆனால் 1947ல், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுக்குத் தடைச் சட்டம் வந்த காலத்தில், எந்தப் பெண்கள் இந்தப் பாடத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார்களோ அவர்களுக்குச் சபாக் கதவுகள் பெரும்பாலும் சாத்தப்பட்டன. ‘முறையான பயிற்சி இல்லை’ என்பது அந்தக் கதவுக்கு இன்னொரு பூட்டு.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு இடத்திலும் ஒரு மணி நேரம் மூலையில் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகளின் முழங்கால் மடங்கவில்லை என்றால் ஆசிரியர் எழுந்து வந்து திருத்துகிறாரா? தட்டுக்கழி அவர் கையில் இருக்கிறதா, அல்லது செல்போனில் பாட்டு ஓடுகிறதா? மூன்றாம் மாதமே அரங்கேற்றத்துக்கு மண்டபம் பார்க்கலாமா என்று கேட்டால், சான்றிதழில் எத்தனை முத்திரை இருந்தாலும், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.