கம்பளி இலைச் செடியும் பினாங்கு மழையும்

கேள்வி: அக்கா, இங்கிலாந்தில் இருக்கும் என் அண்ணன் மகள் ஒரு படம் அனுப்பினாள். ஆள் உயரத்துக்கு மஞ்சள் பூக்கதிர். பெயர் 'முல்லைன்' என்கிறாள். இது நம் முல்லை இனமா? விதை அனுப்பட்டுமா என்று கேட்கிறாள். வீட்டு முன்னால் தொட்டியில் வளருமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: முல்லைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆங்கிலப் பெயர் நம் காதில் அப்படி விழுகிறது, அவ்வளவுதான். செடிநூலில் இதற்கு வெர்பாஸ்கம் என்று பெயர். லத்தீனில் தாடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். இலையை ஒருமுறை தடவிப் பார்த்தால் ஏன் என்று புரியும். 300 இனங்களுக்கு மேல் இருக்கின்றன, துருக்கியில்தான் அதிகம்.

உங்கள் அண்ணன் மகள் காட்டியது வெர்பாஸ்கம் தாப்சஸாக இருக்கும். முதல் வருடம் தரையோடு ஒட்டிக்கொண்டு வட்டமாக இலை மட்டும் விடும். அடுத்த வருடம் நடுவிலிருந்து கதிர் கிளம்பி 2 மீட்டர் வரை போகும். பூத்து, விதை உதிர்த்ததும் செடி செத்துவிடும். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் காய்ந்த இலையை விளக்குத் திரியாகத் திரித்தார்கள். காய்ந்த தண்டைக் கொழுப்பில் முக்கித் தீப்பந்தமாகப் பிடித்தார்கள்.

இனி, வளருமா என்ற கேள்வி. நானே மூன்று முறை தோற்றவள். முதல் முறை, கத்தரி விதைக்குப் போடுவதுபோல் மேலே மண் தூவினேன், ஒன்றும் வரவில்லை. இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும், மூடக் கூடாது. இரண்டாம் முறை சும்மா மேலே தூவிவிட்டேன். பத்து நாளில் பச்சை தட்டியது. அக்டோபர் மழை பிடித்துக்கொண்டது, நாற்று எல்லாம் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தது. மூன்றாவது முறை பாதிக்குப் பாதி ஆற்றுமணல் கலந்து, தாழ்வாரத்துக் கூரைக்குக் கீழே வைத்து, தட்டில் மட்டும் தண்ணீர் ஊற்றினேன். உள்ளங்கை அகலம் வந்தது. அதோடு சரி. ஒரு காலையில் தொட்டேன், குழைந்த சோறுபோல் இலை கையோடு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் சொன்னார்: "பினாங்கு மழையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நில், உனக்கும் இப்படித்தான் ஆகும்."

அவர் சொன்னது சரிதான். அந்த ரோமம் காய்ந்த மண்ணுக்கும் அடிக்கும் வெயிலுக்கும் ஏற்பட்டது. இலையின் ஈரம் பறக்காமல் காப்பதும், ஆடுமாடு வாய் வைக்காமல் பார்ப்பதும் அதன் வேலை. நம் ஊரிலோ அதே ரோமம் காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இலையை அழுக வைக்கிறது.

கேமரன் மலையில் வராதா என்று அடுத்து கேட்பீர்கள். அதையும் பார்த்தாயிற்று. பிரிஞ்சாங்கில் என் தம்பியின் காய்கறித் தோட்டத்தில், பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே, 14 மாதம் இருந்தது. இலை வட்டம் முறத்தைவிட அகலம். பூ மட்டும் இல்லை. கதிர் விடுவதற்கு முன் இதற்கு ஒரு நல்ல குளிர்காலம் கடந்தாக வேண்டும். கேமரன் குளிர் நமக்குத்தான் குளிர். ஹவாயும் வெப்பநாடுதானே, அங்கே மௌனா கியா மலைச்சரிவில் இது ஒழிக்க முடியாத களையாக இருக்கிறது. ஆனால் அந்த உயரத்தில் உறைபனி விழும். நம் பினாங்குக் கொடிமலை 833 மீட்டர்தான். குளிரும் போதாது, மூடுபனி வேறு.

ஆசை விடவில்லை என்றால் இந்தக் குடும்பத்தில் நம் சொந்தக்காரி ஒருத்தி இருக்கிறாள். வெர்பாஸ்கம் சைனென்ஸ், பழைய நூல்களில் செல்சியா கோரமண்டலியானா. கோரமண்டல் என்றால் நம் சோழமண்டலக் கரை! தமிழ்நாட்டில் வயலோரத்திலும் காய்ந்த ஆற்றுப் படுகையிலும் மஞ்சள் பூவோடு தானாக முளைக்கும். வெயில் இதற்குப் பழக்கம், ஆனாலும் கால் நனைந்தே இருந்தால் பிடிக்காது. ஊருக்குப் போய் வரும்போது பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். எந்த விதைக்கும் இறக்குமதி அனுமதி வேண்டும், அண்ணன் மகள் தபாலில் அனுப்புவதற்கும் சேர்த்துத்தான்.

வாசலில் கதிர் கதிராகப் பூ நின்றால் போதும் என்றால் ஏஞ்சலோனியா வாங்குங்கள். ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு மூன்றும் நர்சரிகளில் கிடைக்கும்.

கேள்வி: மகள் ஷெஃபீல்டில் வீடு வாங்கியிருக்கிறாள். சின்னத் தோட்டம். முல்லைனில் எதை நடச் சொல்லலாம்?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: கொடுத்து வைத்தவள். என்னைக் கேட்டால் முதலில் வெர்பாஸ்கம் சாய்க்ஸி, அதில் 'ஆல்பம்' என்ற வெள்ளை வகை. ஒரு மீட்டர் உயரம், வெள்ளைப் பூவுக்கு நடுவில் ஊதா ரோமம், வருடா வருடம் திரும்பி வரும். ஊதாப் பூ வேண்டுமென்றால் ஃபீனீசியம். இலை அழகுக்கு பாம்பிசிஃபெரம்: துருக்கியின் உலுதாக் மலைக்காரி, வெள்ளிப் பஞ்சு சுற்றியதுபோல் இருப்பாள், ஆனால் பூத்ததும் முடிந்தது கதை. ஒலிம்பிகம் கிளை கிளையாக ஆளைத் தாண்டிப் போகும். சின்ன இடத்துக்கு வேண்டாம். கற்களுக்கு இடையில் வைக்க 'லெட்டீஷியா', இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் பிறந்த குட்டைக் கலப்பு.

உரம் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். சத்து மண்ணில் கொழுத்துக் காற்றில் சாயும். வெள்ளை உடம்பில் மஞ்சளும் கறுப்பும் புள்ளி வைத்த புழு வந்தால் கையால் பொறுக்கினால் போதும்.

தாப்சஸும் பிளட்டேரியா என்ற இன்னொரு முல்லைனும் மட்டும் விதை உதிர்க்கும் முன் கதிரை வெட்டிவிட வேண்டும். தாப்சஸ் ஒரு செடியே லட்சத்துக்கு மேல் விதை போடும். பிளட்டேரியா கதை இன்னும் வேடிக்கை. 1879இல் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற பேராசிரியர் 21 வகை விதைகளை, ஒவ்வொரு புட்டியிலும் வகைக்கு 50 வீதம், 20 புட்டிகளில் போட்டுப் புதைத்தார். 2000இல் ஒரு புட்டியைத் தோண்டினார்கள். அப்போதும் நன்றாக முளைத்தது பிளட்டேரியாதான். 2021இல், 142 வருடம் கழித்தும், முல்லைன் விதை முளைத்தது. உங்கள் மகள் வீட்டை விற்றுவிட்டுப் போனாலும் அது போகாது.

கேள்வி: வீட்டுப் பின்னால் தானாக முளைத்த செடியின் படம் இணைத்துள்ளேன். இலை வெல்வெட் மாதிரி. இது முல்லைன்தானே? இருமலுக்குத் தேநீர் போடலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: எனக்கு இது மலாய்க்காரர்கள் 'செம்புங்' என்று சொல்லும் செடியாகத் தெரிகிறது. கசக்கி முகர்ந்தால் கற்பூர வாசனை வர வேண்டும். முல்லைனில் அந்த வாசனை இருக்காது. பெயர் உறுதியாகும்வரை வாயில் வைக்காதீர்கள். ஐரோப்பாவில்கூட முல்லைன் என்று நினைத்து ஃபாக்ஸ்குளோவ் இலையைப் பறித்துவிடுகிறார்கள், அது இதயத்தையே தாக்கும் விஷம். சாதாரண இருமலுக்குக் கற்பூரவல்லி போதுமே. இழுத்துக்கொண்டே போனால் கிளினிக்குக்குப் போங்கள். படத்தில் வாசனை வராது, அடுத்த கடிதத்தில் காய்ந்த இலை ஒன்றையும் சேர்த்து வையுங்கள்.