புதிய புரோகிராமிங் கருவிகளையும் வெப் தொழில்நுட்பங்களையும் ஒரு டெவலப்பராக எப்படி மதிப்பிடுகிறீர்கள்?

இலங்கையின் கிழக்கே ஒலுவிலில் கணினி விஞ்ஞானம் படிக்கும் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, அதன் கீழே தன் மனக்குறையையும் எழுதியிருக்கிறார். இணையத் திரைகளைக் கட்ட உதவும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை (ஆயத்தமாக எழுதிவைத்த நிரல் தொகுப்பை) படித்து முடிப்பதற்குள், அதன்மேல் கட்டப்பட்ட நெக்ஸ்ட் ஜேஎஸ் தெரியுமா என்கிறார்கள். அதைத் தொடுவதற்குள் பன், அஸ்ட்ரோ, எச்டிஎம்எக்ஸ் என்று வேறு கருவிகளின் பெயர்களைச் சொல்கிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவே எல்லாவற்றையும் எழுதிவிடும் என்கிறார்கள். எதை நம்பி நேரத்தைச் செலவிடுவது என்பதே அவருடைய கவலை. கல்முனையில் இருந்துகொண்டு அரிசி ஆலைகளுக்கும் கடைகளுக்கும் மென்பொருள் எழுதுபவன், இடையிடையே வெளிநாட்டு நிறுவனங்களின் வேலையையும் எடுத்துச் செய்பவன் என்ற அளவில் என் கருத்தைச் சொல்கிறேன்.

ஒரு கருவி புதியதா, பழையதா, எத்தனை பேர் அதைப் பாராட்டுகிறார்கள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான். அது தரும் வசதிக்கான விலையை யார் கொடுக்கிறார் என்பதையே முதலில் பார்க்கிறேன். அந்த விலை என் கணினியோடு நின்றுவிட்டால் கருவியைத் தாராளமாக எடுத்துக்கொள்வேன். மென்பொருளைப் பயன்படுத்துபவரின் கைத்தொலைபேசிக்கு அது போகிறதென்றால் தயங்குவேன். நான் விட்டுப்போன பிறகு அந்த நிரலைப் (கோட்) பார்க்க வரும் இன்னொருவரின் தலையில் விழுகிறதென்றால் இன்னும் அதிகமாக யோசிப்பேன்.

முதல் வகையில் அண்மைக்காலத்தில் வந்தவை பெரும்பாலும் நல்லவையே. எழுதிய கோப்புகளைப் பிரவுசருக்கு ஏற்றவாறு கட்டித்தரும் பில்ட் கருவிகளில் வெப்பேக் கோலோச்சிய காலத்தில் ஒரு வரியைத் திருத்திவிட்டு, திரையில் மாற்றம் தெரியும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு, 2020 இல் வந்த வீட் என்ற பில்ட் கருவியின் அருமை தெரியும். ஜாவாஸ்கிரிப்டோடு டைப் (எந்த வகைத் தகவல் என்ற) குறிப்புகளைச் சேர்த்தெழுதும் டைப்ஸ்கிரிப்டின் கம்பைலரையே (அதை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித்தரும் கருவியையே) கோ மொழிக்கு மாற்றி எழுதுவதாக மைக்ரோசொப்ட் 2025 மார்ச்சில் அறிவித்தது. ஏறத்தாழப் பத்து மடங்கு வேகம் கிடைக்கும் என்று அளந்தும் காட்டியது. டைப்ஸ்கிரிப்டில் நாம் எழுதும் டைப் குறிப்புகள் யாவும் பிரவுசருக்குப் போகுமுன்னர் உதிர்ந்துவிடுவதால், பயனாளிக்கு ஒரு பைட்கூடக் கூடுதலாகப் போவதில்லை. பின்னர் வருபவருக்கோ, எந்த ஃபங்ஷன் எதை எதிர்பார்க்கிறது என்பது வாசித்தவுடனேயே விளங்கும். இத்தகைய கருவி பிடிக்காவிட்டால் நாளைக்கே கழற்றி வேறொன்றைப் பூட்டிக்கொள்ளலாம். இவற்றைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை.

இரண்டாவது வகையில்தான் சிக்கல் இருக்கிறது. சம்மாந்துறைப் பக்கத்து ஆலையொன்றில் பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனி மாதங்களில் நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் வாசலில் வரிசையாக நிற்கும். தராசடியில் நிற்பவர் விவசாயியின் பெயர், மூடை எண்ணிக்கை, நிறை, ஈரப்பதன், விலை ஆகிய ஐந்தையும் பதிந்து, பற்றுச்சீட்டைக் கொடுத்து அனுப்ப வேண்டும். அவர் கையிலுள்ளது திரை வெடித்த, விலை குறைந்த ஓர் அன்ட்ராய்ட் போன். ஆலையின் தகரக் கூரைக்குள் சிக்னல் வரும், போகும். முன்பு யாரோ ரியாக்டில் செய்து கொடுத்திருந்த திரையைப் பற்றிக் கணக்கப்பிள்ளை என்னிடம் சொன்ன முறைப்பாடு ஒரே வசனம்: “தம்பி, இது சுத்திக்கொண்டே நிக்கிது, நான் கொப்பியிலேயே எழுதட்டா?”

இதை ரியாக்டின் குற்றமாக நான் சொல்லவில்லை. பேஸ்புக் அதை 2013 இல் திறந்த மூலமாக வெளியிட்டபோது, ஒரே தகவல் திரையின் பல இடங்களில் ஒரே நேரத்தில் மாற வேண்டிய சிக்கலான பக்கங்களே அதன் இலக்கு. ஐந்து கட்டங்களை நிரப்பும் படிவத்துக்கு அந்தச் சிக்கல் கிடையாது. அழுத்திச் சுருக்கிய நிலையிலேயே ரியாக்ட் நாற்பது கிலோபைட்டைத் தாண்டும். அதன்மேல் பக்க மாற்றத்தைக் கவனிக்கும் ரூட்டர், படிவ லைப்ரரி, திகதி லைப்ரரி என்று ஒவ்வொன்றாக ஏறும். தரவிறக்குவது ஒரு பங்கு வேலைதான். இறங்கிய ஜாவாஸ்கிரிப்டை அந்த மலிவான போன் வாசித்து, புரிந்து, இயக்கியாக வேண்டும் என்பதே மீதி. நாம் விலையுயர்ந்த மடிக்கணினியில், பைபர் இணைப்பில் பரிசோதிப்பதால் இந்தப் பங்கு நம் கண்ணில் படுவதேயில்லை. குரோம் பிரவுசரின் டெவலப்பர் பகுதியில் சிபியு வேகத்தையும் இணைய வேகத்தையும் வேண்டுமென்றே குறைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதைத் திறந்து பார்க்காமல் ஆயத்தக் கட்டமைப்பான பிரேம்வேர்க் ஒன்றைப் புகழ்பவரின் பேச்சை நான் பெரிதாக எடுப்பதில்லை.

அந்தத் திரையை லாரவெல் என்ற பிஎச்பி பிரேம்வேர்க்கில், சேர்வரே எச்டிஎம்எல்லை உருவாக்கி அனுப்பும் பழைய முறையில் மாற்றி எழுதி, பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்க வேண்டிய இடங்களில் எச்டிஎம்எக்ஸைச் சேர்த்தேன். 2020 இல் வெளிவந்த அது அழுத்திச் சுருக்கிய நிலையில் சுமார் 15 கிலோபைட்தான். பழமைக்குத் திரும்புகிறீர்களா என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். ஆனால் ரியாக்ட் குழுவே 2020 டிசம்பரில் சேர்வர் கொம்பொனன்ட் என்ற யோசனையை முன்வைத்து, வேலையின் ஒரு பகுதியைச் சேர்வர் பக்கம் திருப்பத் தொடங்கியதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதேவேளை, வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காகப் பணியாளர்களின் நேர அட்டவணையை இழுத்து இழுத்து மாற்றும் திரையை எழுத வேண்டி வந்தபோது ரியாக்டையே எடுத்தேன்; எச்டிஎம்எக்ஸில் அதைச் செய்யப் போயிருந்தால் தலைவலிதான் மிஞ்சியிருக்கும்.

சிக்னல் போகும் இடத்தில் சேர்வரை நம்பினால் எப்படி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தராசடித் திரையை மட்டும் இணைப்பின்றியும் பக்கத்தைத் திறக்க வைக்கும் சேர்விஸ் வேர்க்கர், தகவலைப் போனிலேயே சேமிக்கும் இன்டெக்ஸ்ட் டிபி ஆகிய இரண்டையும் கொண்டு இணைப்பில்லாமலும் இயங்கச் செய்தேன். இவை எந்தக் கம்பனியின் லைப்ரரியும் அல்ல, பிரவுசருக்குள்ளேயே இருப்பவை. பதிவு முதலில் போனில் சேமிக்கப்பட்டு, இணைப்பு வந்ததும் சேர்வருக்குப் போகும். சொல்ல இலகு; செய்யும்போதுதான் நுணுக்கம் தெரியும். இரண்டு போன்கள் ஒரே நேரத்தில் இணைப்பின்றிப் பற்றுச்சீட்டு எழுதினால் இரண்டுமே அடுத்த இலக்கமாக ஒரே இலக்கத்தைக் கொடுக்கும். ஆகவே ஒவ்வொரு போனுக்கும் ஒரு முன்னெழுத்தைக் கொடுத்து, உள்ளே ஒவ்வொரு பதிவுக்கும் வேறெதற்கும் வராத ஓர் அடையாளத்தை பிரவுசரே உருவாக்கும்படி வைத்தேன். அதே பதிவு இரண்டு தடவை வந்தாலும் சேர்வர் ஒன்றையே ஏற்கும். பின்னணியிலேயே தானாக அனுப்பும் வசதி குரோம் வழிவந்த பிரவுசர்களில் மட்டுமே இருப்பதால், திரையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மிச்சமிருப்பதை அனுப்பும் ஏற்பாடும் தேவைப்பட்டது. ஐபோனின் சபாரியோ, சபாரியைப் பயன்படுத்திய ஏழு நாட்களுக்குள் தொடப்படாத தளத்தின் சேமிப்பை அழித்துவிடும். முகப்புத் திரையில் நிறுவிக்கொண்டால் மட்டும் அந்தக் கெடு இல்லை. இப்படியான விடயங்களை எந்த பிரேம்வேர்க்கும் உங்களுக்காக யோசித்து வைக்காது.

பிரவுசர் தானாகவே வளர்ந்திருப்பதைப் புதிய கருவிகளின் ஆரவாரத்தில் பலர் கவனிப்பதில்லை. உரையாடல் பெட்டிக்கான டயலொக் உறுப்பு 2022 இலும், உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பார்த்து ஓர் உறுப்பைத் தேர்ந்து அழகுபடுத்த உதவும் சிஎஸ்எஸ்ஸின் ஹேஸ் தேர்வி 2023 இலும் எல்லாப் பிரதான பிரவுசர்களுக்கும் வந்து சேர்ந்தன. முன்பு இவற்றுக்காகவே லைப்ரரி தேடினோம். லைப்ரரி குறைந்தால் பின்னால் வருபவரின் சுமையும் குறையும். 2025 செப்டம்பரில் சோக், டிபக் போன்ற, கோடிக்கணக்கான தடவை தரவிறக்கப்படும் என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளின் பொதுக் களஞ்சியம்) பொதிகளுக்குள், பராமரிப்பாளரை ஏமாற்றிய ஒரு போலி மின்னஞ்சல் வழியாகத் தீங்கான கோட் நுழைந்தது. சில மணி நேரத்தில் நீக்கப்பட்டாலும், தங்கள் புரொஜெக்டில் அந்தப் பொதிகள் இருப்பதே தெரியாமல் இருந்தவர்கள் ஏராளம். நாம் நேரடியாகச் சேர்ப்பது பத்து என்றால், அவை தங்களுடன் இழுத்து வருவது நூற்றுக்கணக்கில் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நான் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். வேறொருவர் எழுதிய பழைய பிஎச்பி கோடை விளக்கச் சொல்வது, தரவுத்தளத்திடம் கேட்கும் எஸ்கியூஎல் வினவலுக்கு முதல் வரைவு எடுப்பது, டெஸ்ட் எழுதுவது ஆகியவற்றில் அவை மிச்சப்படுத்தும் நேரம் உண்மையானது. ஆனால் எழுதும் செலவு குறைந்த அளவுக்கு வாசித்துச் சரிபார்க்கும் செலவு கூடியிருக்கிறது. தமிழ் கலந்த வேலையில் அது இரட்டிப்பாகிறது.

ஒரு வாடிக்கையாளரின் பழைய எக்செல் கோப்புகள் முழுவதும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தன. நம் ஊர் அச்சகங்களையும் அலுவலகங்களையும் தெரிந்தவர்களுக்கு இது புதினமல்ல. யூனிகோட்டுக்கு மாற்றும் நிரலைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி நொடியில் எழுதித் தந்தது, ஒவ்வொரு குறியாக மாற்றும் முறையில். பாமினியில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் கடைசியில் என்று மூன்று குறிகளாகச் சேமிக்கப்படும். யூனிகோட்டிலோ ககரம் முன்னே வந்து, ஒகரக் குறி அதைத் தொடரும். ஆகவே மூன்று குறிகளையும் ஒன்றாகப் பிடித்து மாற்றிய பிறகே தனிக் குறிகளைத் தொட வேண்டும். கருவி தனக்குத்தானே எழுதிக்கொண்ட டெஸ்ட்களில் கொம்புள்ள பெயர் ஒன்றுகூட இல்லை. அதனால் எல்லாம் சரி என்று பச்சையாகக் காட்டியது.

பெயர்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்தும்போதும் இதே கதைதான். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண சோர்ட் யூனிகோட் எண் வரிசையைப் பின்பற்றும். அந்த வரிசையில் றன்னகரம் (ன) தந்நகரத்துக்கு (ந) அடுத்தே நிற்பதால் கந்தையா, கனகசபை, கமலா என்று வரும். நம் வரிசையில் கமலாவுக்குப் பிறகே கனகசபை. கொலேட்டர் என்ற உள்ளமைந்த வசதிக்குத் தமிழ் என்று சொல்லிவிட்டால் இது சரியாகிவிடும். அதேபோல் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்ட் ஐந்து என்று சொல்லும். நான்கில் வெட்டினால் புள்ளி உதிர்ந்து ‘தமிழ’ மிஞ்சும். எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் செக்மென்டர் வசதி 2024 ஏப்ரலில் பயர்பொக்ஸுக்கும் வந்து, இப்போது எங்கும் கிடைக்கிறது. கேட்டால் கருவிகள் இவற்றைச் சரியாகவே விளக்குகின்றன. கேட்காதபோது ஆங்கிலத்துக்கு எழுதுவதைப் போலவே எழுதிவிடுகின்றன. எதைக் கேட்க வேண்டும் என்பதை நாம்தான் அறிந்திருக்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. ரஸ்ட் சிறந்த மொழி. ஆனால் ஒரு கடையின் இருப்புக் கணக்கை அதில் எழுத எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. ரஸ்ட், சி போன்ற மொழிகளில் எழுதியதைப் பிரவுசருக்குள் வேகமாக ஓட்டும் வெப் அசெம்பிளியை, படத்தைச் சுருக்குதல் போன்ற கனமான கணக்கீடு வரும்போது மட்டும் தேடுங்கள். ஜாவாஸ்கிரிப்டைச் சேர்வரில் ஓட்டும் நோடுக்குப் பதில் பன் வேகமானதுதான், விளையாடிப் பாருங்கள், வாடிக்கையாளரின் சேர்வரில் நோடே இருக்கட்டும்.

கேட்டவரின் உடனடித் தேவை கொழும்பிலோ வெளிநாட்டு நிறுவனமொன்றிலோ வேலை என்றால், நேர்முகத் தேர்வில் ரியாக்டும் டைப்ஸ்கிரிப்டும் கேட்பார்கள். நான் மேலே எழுதியதைக் காட்டி அதைத் தவிர்க்க வேண்டாம். பிரவுசரும் சேர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபி, எஸ்கியூஎல் இரண்டையும் அதற்கு முன்னரே படித்துவிடுங்கள். இறுதியாண்டு புரொஜெக்டுக்கு இன்னும் தலைப்பு எடுக்கவில்லை என்றால், இணைப்பில்லாமல் இயங்கும் ஒரு பதிவுத் திரையை எந்த பிரேம்வேர்க்கும் இல்லாமல் எழுதி, வீட்டிலுள்ள ஆகப் பழைய போனில் ஓட்டிப் பாருங்கள். எங்கே சிக்கினீர்கள் என்று இந்தப் பதிலின் கீழ் எழுதினால், தெரிந்ததைச் சொல்கிறேன்.