செஞ்சிக்கு ஃபாரஸ்ட் பர்மிஷனா? யாரு சொன்னா?

கேள்வி: நான் கடலூர் மஞ்சக்குப்பம். எங்க வாட்ஸப் குரூப்ல 26 பேர், பாதி பாண்டி, பாதி கடலூர். ஜனவரில ஒரு ஞாயித்துக்கிழம செஞ்சில ராஜகிரி ஏறிட்டு, நேரம் இருந்தா பக்கத்துல காட்டுலயும் கொஞ்சம் நடந்துட்டு ராத்திரிக்குள்ள திரும்பலாம்னு பிளான். பாண்டில ஒருத்தர் வேன், சாப்பாடு, ஃபாரஸ்ட் பர்மிஷன் எல்லாம் சேத்து தலைக்கு 1,800 கேக்கறாரு, பர்மிஷன் நாமளா போனா கெடைக்காதுங்கறாரு. யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா என் தலைல விழுமா? 'சொந்தப் பொறுப்பில் வருகிறேன்'னு எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டா போதுமா?

பதில்: போதாது. அந்தப் பேப்பர வெச்சு நீங்க தப்பிக்க முடியாது தம்பி. கவனக்குறைவால ஒரு உயிர் போச்சுன்னா கேஸ் வரும், பழைய ஐபிசில 304ஏ, இப்ப அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ் சட்டத்துல 106, இறந்தவரு கையெழுத்து போட்டுக் குடுத்தாருன்னு சொல்லி அத நிறுத்த முடியாது. ஆனா பயந்துடாதீங்க, கால் வழுக்கி ஒருத்தர் விழுந்ததுக்கெல்லாம் யாரும் உங்கள உள்ள தள்ள மாட்டாங்க. தெரிஞ்சே தப்பான வண்டில ஏத்துனது, மூடுன பாதைல கூட்டிட்டுப் போனது, முடியலன்னு சொன்னவர இழுத்துட்டுப் போனது, இந்த மாதிரி விஷயத்ததான் கேப்பாங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, செலவ பங்கு போட்டு பில்ல குரூப்ல போட்டா நீங்க கூட வந்த ஃப்ரெண்டு, மேல நூறு ரூபா வெச்சு வாங்குனாலும் பாக்கறவங்க கண்ணுக்கு டூர் ஏஜென்ட்.

இப்ப அந்த ஆளு மேட்டருக்கு வரேன், எனக்கு எரிச்சல் அங்கதான். செஞ்சிக்கோட்டை மத்திய தொல்லியல் துறை கையில இருக்கு, 2025 ஜூலைல யுனெஸ்கோ பட்டியல்லயும் வந்துடுச்சு, மராட்டியர் கோட்டைகள்னு சேத்த 12 கோட்டைல தமிழ்நாட்டுல இருக்கறது இது ஒண்ணுதான். அங்க ஏற டிக்கெட் போதும், முப்பது ரூபாகூட ஆகாது, 15 வயசுக்குக் கீழ இருக்கற பசங்களுக்கு அதுவும் கெடையாது. கோட்டையோட மலைங்களான ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஃபாரஸ்ட் பர்மிஷன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. இல்லாத பர்மிஷன உங்களுக்கு விக்கறாரு. 26 பேருக்கு 46,800 ஆகுது, வேன் வாடகையும் சாப்பாடும் கழிச்சா மீதி எங்க போகுதுன்னு நீங்களே பாத்துக்கோங்க. நேரா கேளுங்க, 'அண்ணே, பர்மிஷன் ஆர்டர் காப்பி அனுப்புங்க, எந்த ரேஞ்ச், எந்த தேதி, எத்தன பேருன்னு போட்டிருக்கணும்'னு. அதுக்கப்புறம் ஃபோன் எடுக்கறாரான்னு பாருங்க.

ஆனா 'பக்கத்துல காட்டுலயும் நடந்துட்டு'ன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் உங்கள மாட்டிவிடும். கோட்டைன்னா கோட்டை, காடுன்னா காடு. செஞ்சி பக்கம் பாக்கமலை இருக்கு, அது காப்புக்காடு, அங்க தொல்லியல் டிக்கெட் செல்லாது, வனத்துறை அனுமதி இல்லாம கால் வெச்சா அத்துமீறல்தான். வேலி இருக்காது, போர்டு இருந்தாலும் துருப்பிடிச்சு கெடக்கும், மாடு மேய்க்கறவங்க போற ஒத்தையடிப் பாதை நல்லா தெரியும், 'இப்டியே போனா சுனை இருக்கு'ன்னு ஊர்க்காரர் யாராவது கை காட்டுவாரு, நீங்களும் போயிடுவீங்க. கூகுள் மேப்ல பச்சையா காட்டறத வெச்சு எல்லை கண்டுபிடிக்க முடியாது. கோட்டையோட மூணாவது மலை, சந்திரகிரி, அதுவும் முள்ளுப்புதரா கெடக்கும், ஒழுங்கான வழி கெடையாது, அத விட்டுடுங்க. 2018 மார்ச் 11, தேனி பக்கம் மலையேறப் போனவங்க காட்டுத்தீல மாட்டிக்கிட்ட குரங்கணி தீ ஞாபகம் இருக்கும், கூட்டிட்டுப் போனவங்க மேல கேஸ் போட்டாங்க, அதுக்கப்புறம்தான் அதே வருஷம் மலையேத்தத்துக்குன்னு தனி விதியே வந்துச்சு. காட்டுலதான் நடக்கணும்னா அரசோட 'ட்ரெக் தமிழ்நாடு'ல புக் பண்ணுங்க, 2024 அக்டோபர்ல 40 பாதையோட ஆரம்பிச்சாங்க, கைடும் அவங்களே அனுப்புவாங்க, தீ சீசன்ல மூடிடுவாங்க. அந்த லிஸ்ட்ல இல்லாத ஒரு சின்ன காட்டுக்கு ஒருநாள் போகணும்னா யார கேக்கறது? ஒரு ஆபீஸ்ல கேட்டா வெப்சைட்ட பாருங்கறாங்க, வெப்சைட்ல இல்லன்னா ரேஞ்சர பாருங்கறாங்க, அவரு மேல எழுதிக் குடுங்கறாரு, பாண்டிலேருந்து வரோம்னு சொன்னா 'நீங்க யூனியன் பிரதேசம் ஆச்சே'ன்னு அதுவேற. நேர் வழில போறவன இப்டி அலைய விட்டா இந்த 1,800 ரூபா ஆளுங்க பொழைக்காம என்ன பண்ணுவாங்க?

அடுத்து வேன். கீழ விழுறவங்கள விட ரோட்டுல அடிபடறவங்கதான் ஜாஸ்தின்னு என் கணக்கு, அதனால இதுல விடாப்பிடியா இருங்க. ஒயிட் போர்டு வண்டிய வாடகைக்கு எடுக்கவே கூடாது. 'நம்ம ஃப்ரெண்டு வண்டி, ஆயிரம் கம்மி'ம்பாங்க, விபத்துன்னு வந்தா சொந்த உபயோக வண்டிய வாடகைக்கு ஓட்டுனீங்கன்னு இன்சூரன்ஸ் கம்பெனி கைய விரிச்சுடும். மஞ்ச போர்டுதான், அதுலயும் பாண்டி வண்டி, பிஒய் நம்பர்னா ஆல் இண்டியா டூரிஸ்ட் பர்மிட் இருக்கா, இல்லன்னா தமிழ்நாட்டுக்குள்ள வர பர்மிட்டும் வரியும் கட்டியிருக்கான்னு கேளுங்க. திண்டிவனம் வழியோ விழுப்புரம் வழியோ, எப்டிப் போனாலும் எல்லை தாண்டணும், நம்ம ஊர்ல பத்து கிலோமீட்டர்ல ரெண்டு தடவ மாநிலம் மாறும், நடுவழில நிறுத்திட்டான்னா காலைல ஏற வேண்டிய மலைய உச்சி வெயில்ல ஏறுவீங்க.

எல்லைன்னதும் இன்னொண்ணு. பாண்டி பசங்க இருக்காங்கன்னா பேக்ல பாட்டில் இருக்கும், கோவிச்சுக்காதீங்க, நடக்கறதத்தான் சொல்றேன். பாண்டி சரக்கோட எல்லைய தாண்டி மாட்டுனா மதுவிலக்கு கேஸ், வண்டியயும் சேத்து புடிச்சு வெப்பாங்க. திரும்பி கடலூர் போறவங்களுக்கு முள்ளோடை தாண்டுனா ஆல்பேட்டை செக்போஸ்ட் இருக்கு, தெரியாதவங்களா நீங்க. வண்டி ஏறுறதுக்கு முன்னாடியே குரூப்ல ஒரு மெசேஜ் போட்டுடுங்க, அது உங்களுக்கும் ஒரு ஆதாரம்.

மலை பத்தி அதிகமில்ல. ராஜகிரி 800 அடி சொச்சம்தான், ஆனா படி ஒவ்வொண்ணும் ஒரு உயரம், பத்தரைக்கு மேல பாற கொதிக்கும், அதனால கேட் தெறக்கும்போதே நிக்கணும். மேல உச்சில இருக்கற உள்கோட்டைக்கு (சிட்டாடல்) முன்னாடி ஆழமான பிளவுக்கு மேல ஒரு சின்ன பாலம் வரும், அங்க கூட்டமா நின்னு செல்ஃபி எடுக்க விடாதீங்க. கொரங்குக்கு கேரிபேக் சத்தம் கேட்டா போதும், கையிலேருந்து புடுங்கும், புடுங்குனா விட்டுடணும், இழுத்தா கடிக்கும். தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர். 26 பேர ஒரே கும்பலா ஓட்டாம ரெண்டா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் முன்னால ஒருத்தர், கடைசில ஒருத்தர், கடைசி ஆள தாண்டி யாரும் பின்னால நிக்கக்கூடாது. சுகர், பிபி மாத்திர சாப்பிடறவங்க யாருன்னு உங்களுக்குத் தனியா சொல்லச் சொல்லுங்க, அவங்களுக்கு கீழ கல்யாண மஹால், களஞ்சியம் எல்லாம் பாக்கவே ரெண்டு மணி நேரம் ஆகும், மேல வந்தே ஆகணும்னு இல்ல. அவசரம்னா 108, செஞ்சில அரசு ஆஸ்பத்திரி இருக்கு, பெருசா இருந்தா முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ்.

அப்புறம் அந்த ஆளுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டீங்களான்னு எழுதல. குடுக்கலன்னா ஆர்சி, பர்மிட், இன்சூரன்ஸ் மூணு போட்டோவும் வர்ற வரைக்கும் ஜிபேல ஒத்த ரூபா அனுப்பாதீங்க.