ஆற்றங்கரையில் சிற்பங்கள்: வாசகர் கேள்வியும் பதிலும்

ஊரவர்கள் தாங்களே கூடி ஆற்றோரம் சிற்பங்கள் வைத்து, ஊரின் பழமையை நடந்து பார்க்கும் வழியாக்குவது பற்றி வன்னியிலிருந்து பல கடிதங்கள் வந்தன. ஐந்துக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: கனகராயன் ஆற்றோரம் அரை மைல் தூரத்துக்கு எட்டுச் சிற்பங்கள் வைக்கத் தீர்மானித்திருக்கிறோம். இடத்தை எப்படித் தெரிவது?
சனசமூக நிலையச் செயலாளர், கனகராயன்குளம்

கோடையில் மணலாய்க் கிடக்கும் ஆற்றைப் பார்த்து இடம் குறிக்காதீர்கள். 2018 டிசெம்பர் வெள்ளம் எதுவரை ஏறியது என்று கரையில் வயல் செய்பவர்களைக் கேளுங்கள். மருத மரங்களில் சிக்கியிருக்கும் சருகும் பட்டையில் படிந்த சேற்றுக் கோடும் கூடச் சொல்லும். பீடத்தின் மேல்மட்டம் அந்தக் கோட்டுக்கு ஓரடியாவது மேலே இருக்கட்டும். ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரையைத் தண்ணீர் அரிக்கும், உட்பக்கத்தில் மணலைச் சேர்க்கும். ஆகவே வெளிவளைவில் எதுவும் வைக்க வேண்டாம். மருதின் வேர்தான் கரையைப் பிடித்து நிற்கிறது. வேரை வெட்டிக் குழி தோண்டினால் சிற்பத்தோடு கரையும் போகும்.

ஆற்றோர ஒதுக்குக் காணி அரசினுடையது. கிராம அலுவலரின் கடிதத்தோடு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் இணக்கத்தையும், காட்டோரமென்றால் வனத் திணைக்களத்தின் இணக்கத்தையும் எழுத்தில் வாங்குங்கள். குறித்த இடம் கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட காணிதானா என்பதையும் அங்கேயே உறுதிசெய்யாமல் மண்வெட்டியைத் தொடக்கூடாது. தோண்டும்போது சந்தேகமான இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் கை வைக்காமல் விலகி, மற்றவர்களையும் விலக்கி, 119க்கு அறிவியுங்கள். பழைய செங்கல், கற்தூண் வெளிப்பட்டாலும் வேலையை நிறுத்துங்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி அவற்றை அறிவிக்க வேண்டும். அழகாயிருக்கிறதென்று எடுத்துப் பீடத்தில் பதிக்கவே கூடாது.

கேள்வி: முதற் சிற்பமாகப் பண்டாரவன்னியனைச் செய்யலாமா?
ஆசிரியை, ஒட்டுசுட்டான்

செய்யலாம். ஆனால் வன்னியின் அந்தச் சிற்றரசன் 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி ஆங்கிலேயரிடம் தோற்றதைக் குறிக்கும் நினைவிடம் உங்கள் பக்கத்திலேயே, கற்சிலைமடுவில் இருக்கிறது. மாணவரை அந்த இடத்துக்கே கூட்டிச் செல்வது மேல். ஆற்றங்கரையில் ஆற்றோடு வாழ்ந்த பொருட்கள் நிற்கட்டும் என்பதே எங்கள் விருப்பம்: துருசு (குளத்து மதகு), துலா, நெற்சூடு மிதிக்கும் மாட்டுச் சோடி, பட்டி மாட்டில் சுடும் குறி, வற்றாப்பளை அம்மன் கோவிலுக்குக் கடல்நீர் எடுத்துச் செல்லும் குடம், கலப்பை. கலப்பையில் மேழி எது, ஏர்க்கால் எது, கொழு எது என்று தொட்டுக் காட்டக்கூடியவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். கலப்பையைச் செய்யும்போது அவர்களை அருகில் இருத்துங்கள். கொழுவின் சாய்வு பிழைத்தால் அவர்கள் கண்ணுக்குத்தான் தெரியும்.

கேள்வி: கம்பியும் வலையும் கட்டிச் சீமெந்தில் ஒரு நாம்பன் (இளங்காளை) செய்தோம். எட்டு மாதத்தில் வயிற்றடியில் மண்ணிறக் கோடு விழுந்தது. இப்போது தகடு தகடாய்க் கழலுகிறது. பிழை எங்கே?
மேசன், புதுக்குடியிருப்பு

உள்ளே வலை துருப்பிடித்துவிட்டது. இரும்பு துருவாகும்போது பருக்கும், பருத்து மேற்பூச்சைத் தள்ளும். பெரும்பாலும் காரணம் மூன்று: உப்பு மணல், மெல்லிய மூடல், அதிக தண்ணீர்.

கடலோர மணல் வேண்டவே வேண்டாம். நாக்கில் வைத்தால் கரிக்கும் மணலை வீசுங்கள். அனுமதிப்பத்திரத்தோடு வரும் ஆற்று மணலையே வாங்குங்கள். சிற்பம் வைக்கும் ஆற்றிலேயே அனுமதியின்றி மணல் அள்ளுவது சட்டப்படியும் பிழை, கரைக்கும் கேடு.

எலும்புக்கூட்டுக்கு 10 மி.மீ. கம்பி, விலாவுக்கு 6 மி.மீ. கம்பி, 15 செ.மீ. இடைவெளியில். அதன்மேல் அரை அங்குலக் கண் கோழிவலை, உள்ளும் புறமும் இரண்டிரண்டு படை. கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். வலை தொய்ந்தால் அந்த இடத்தில் சாந்து தடித்து வெடிக்கும். கலவை ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு பங்கு அரித்த மணல். 50 கிலோ பைக்கு 20 லீற்றர் தண்ணீருக்கு மேல் போகாதீர்கள். மணல் ஈரமென்றால் இன்னும் குறையுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாய் நிற்கவேண்டும், விரலிடுக்கால் வழியக்கூடாது. ஒருவர் உள்ளே பலகையை அணைத்துப் பிடிக்க மற்றவர் வெளியிலிருந்து அழுத்தவேண்டும். வலைக்குப் பின்னால் வெற்றிடம் இருந்தால் துரு அங்கேதான் தொடங்கும். வலைக்கு வெளியே 5 மி.மீ. மூடல் கட்டாயம், மொத்தத் தடிப்பு 3 செ.மீ. ஊர்மாட்டு அளவு உடலின் பூச்சுக்கு இரண்டு பை சீமெந்து காணும். பூசிய மறுநாளிலிருந்து ஈரச் சாக்கால் போர்த்தி 14 நாள் காயவிடாமல் வைத்திருங்கள். வன்னி வெயிலில் ஒரு மத்தியானம் மறந்தாலே மேலில் மயிர்வெடிப்பு விழும்.

இன்னொன்றைப் பலரும் விடுகிறார்கள். வயிறு மூடிய பொள்ளலாக அரைக் கனமீற்றர் இருந்தால், நீங்கள் குறித்த கோட்டையும் மீறும் பெருவெள்ளத்தில் முழுதாய் மூழ்கும்போது தண்ணீர் அதை ஏறக்குறைய 500 கிலோ விசையோடு மேலே தூக்கும். வயிற்றடியிலும் குளம்படியிலும் இரண்டு அங்குலத் துளைகள் விடுங்கள், தண்ணீர் புகுந்து வெளியேறட்டும். அத்திவாரம் நான்கு கால்களும் அடங்கும் அகலம், இரண்டடி ஆழம், 1:2:4 கொங்கிறீற் (சீமெந்து, மணல், சல்லி). கால்களின் கம்பியை அதற்குள் மடித்து இறக்குங்கள்.

இப்போதுள்ள நாம்பனில் கழன்றதைக் கொத்தி, துருவைத் தேய்த்து, அரித்த வலையை வெட்டிப் புது வலையை 10 செ.மீ. மேல்படியக் கட்டிப் பூசலாம். மணலே உப்பென்றால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. மனம் நொந்தாலும் உடைத்துப் புதிதாகச் செய்யுங்கள்.

கேள்வி: விழுந்த பாலைமரத்தில் செதுக்கலாமா?
தச்சர், நெடுங்கேணி

பாலையின் வைரம் (நடுமரம்) திறமானது. எடுக்கவும் ஏற்றவும் வனத் திணைக்கள அனுமதி வேண்டும். வைரத்தைச் சுற்றியுள்ள மென்மரமான வெளிறை முழுதாய்ச் செதுக்கி நீக்குங்கள், கறையான் அங்கேதான் பிடிக்கும். முழுக்குற்றி காயும்போது எப்படியும் பிளக்கும். பின்பக்கத்தில் நெட்டுக்கு நடுவைரம்வரை ஒரு வாள்வெட்டுப் போட்டுவிட்டால் பிளவு பெரும்பாலும் அங்கேயே திறக்கும், முகம் தப்பும். மண்ணில் நடவேண்டாம். இரும்புக் காலில், நிலத்துக்கு இரண்டங்குலம் மேலே நிறுத்துங்கள்.

கேள்வி: எங்கள் மாதர் சங்கத்தினர் பாயும் கடகமும் இழைப்பவர்கள். சிற்பத்தில் எங்களுக்கும் பங்குண்டா? நிறம் எப்படித் தருவது?
மாதர் சங்கத் தலைவி, மாங்குளம்

நிச்சயமாக. பீடத்தின் பக்கங்களில் உங்கள் இழைப்பையே பதியுங்கள். பாய்த்துண்டை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள். காய்ந்த ஓலை சாந்தின் ஈரத்தை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும், உரிக்கும்போது மேல்தோல் கையோடு வரும். பூசியபின் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள்: தடம் விழவேண்டும், சாந்து விரலில் ஒட்டக்கூடாது. அந்த நேரத்தில் பாயை வைத்து, மேலே பலகை வைத்து ஒரே அழுத்து. நகர்த்தாமல் ஒரு மூலையிலிருந்து உரித்தெடுங்கள். ஒவ்வோர் ஓலை நரம்பும் தெரியும்.

இனாமல் பெயின்ற் வேண்டாம். சீமெந்தின் காரம் அதைச் செதில் செதிலாய் உரிக்கும். மேற்பூச்சுச் சாந்திலேயே சிவப்பு ஒக்சைட்டைக் கலவுங்கள், 50 கிலோ சீமெந்துக்கு இரண்டரைக் கிலோ. சீமெந்தும் தூளும் காய்ந்தபடியே ஒரே நிறமாகும்வரை கலந்தபின்தான் தண்ணீர் விடவேண்டும். எல்லாப் பீடத்துக்கும் வேண்டிய தூளை ஒரே தடவையில் வாங்கி, ஒரே பேணியால் அளந்து போடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பீடமும் ஒவ்வொரு நிறமாகும்.